பழகுதல், காதலித்தல், உடன் செல்லுதல்: இவை ஒரே பொருள் தரும் சொற்களா?

மொழிபெயர்ப்புக் கைப்படிகளைத் திருத்துவது என் அன்றாட வேலை. அண்மையில் ஒரு நாவலின் கைப்படியில் இப்படி ஒரு வாக்கியம் வந்தது: "மூன்று மாதம் அவரைக் காதலித்த பிறகுதான், தனக்கு அவர்மேல் காதல் இல்லை என்பதை அவள் உணர்ந்தாள்." மூலத்தில் அந்த இடத்தில் இருந்தது டேட்டிங் என்ற சொல். அகராதியில் அதற்கு நேராகக் காதலித்தல் என்று இருக்கக் கண்ட மொழிபெயர்ப்பாளர், அதை எடுத்து அப்படியே பொருத்திவிட்டார். விளைவாக, மூலத்தில் இயல்பாக இருந்த ஒரு செய்தி தமிழில் தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும் வாக்கியமாகிவிட்டது.

இந்தத் தவறு அவர் ஒருவருடையது அன்று. பழகுகிறார்கள், காதலிக்கிறார்கள், டேட்டிங் செய்கிறார்கள், சேர்ந்து சுற்றுகிறார்கள், தொடர்பில் இருக்கிறார்கள், துணையாகப் போகிறார்கள் என்னும் சொற்களை ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை வைத்து நாம் எல்லோருமே பேசுகிறோம். இதனால் வாக்கியம் மட்டும் அல்ல, சில நேரங்களில் மனிதர்களும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறார்கள். இச்சொற்கள் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைத் தொடக்க நிலையிலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாற்றி வைத்தால் எது மாறுகிறது?

செத்தார், இறந்தார், காலமானார், மறைந்தார் ஆகிய நான்கு சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் மரியாதை கூடும் அல்லது குறையும். நடந்த செய்தி மாறாது. இனிப் பார்த்தான், முறைத்தான், எட்டிப்பார்த்தான், வெறித்தான் ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்வோம். நான்கிலும் கண்ணின் வேலைதான் நடக்கிறது. ஆனாலும் "அவன் என்னைப் பார்த்தான்" என்று சாட்சி சொல்லவேண்டியவர் "அவன் என்னை முறைத்தான்" என்று சொன்னால், அவர் வேறொரு நிகழ்ச்சியைச் சொல்கிறார் என்றே பொருள்.

ஒரே பொருளைக் குறிக்க வழங்கும் வெவ்வேறு சொற்களை ஒருபொருட் சொற்கள் என்று இங்கே அழைப்போம். ஒரு பொருளைப் பல சொற்களும், பல பொருளை ஒரு சொல்லும் குறிக்கக்கூடும் என்பதைத் தொல்காப்பியம், கற்றோர்க்கே விளங்கும் செய்யுட் சொல்லான திரிசொல்லை விளக்கும் இடத்திலேயே சொல்லிவிடுகிறது. செய்யுள் வடிவ அகராதிகளான பிற்கால நிகண்டுகள் அப்படிப்பட்ட சொற்களைத் தொகுத்துத் தந்தன. தொகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாலேயே இரண்டு சொற்கள் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று மாற்றாகிவிடா என்பதுதான் நாம் மறந்துவிடும் செய்தி.

ஒரு சொல் நேரடியாகச் சுட்டுவதைக் குறிபொருள் என்றும், அதைச் சொல்லும்போது உடன்வரும் மதிப்பு, வெறுப்பு, நெருக்கம் ஆகியவற்றைச் சாயல் என்றும் பிரித்துக்கொள்ளலாம். செத்தார், காலமானார் இரண்டுக்கும் குறிபொருள் ஒன்று, சாயல் வேறு. பார்த்தான், முறைத்தான் இரண்டுக்கும் குறிபொருளே வேறு. பழகுதலும் காதலித்தலும் முதல் வகையைச் சேர்ந்தவை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

ஆகவே, ஐயம் வரும்போது ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றதை வைத்துப் பார்க்க வேண்டும். மரியாதை மட்டும் மாறினால் அவை நெருங்கிய ஒருபொருட் சொற்கள். சொல்லப்படும் உண்மையே மாறினால் அவை ஒருபொருட் சொற்கள் ஆகா.

உருபு சொல்லும் உண்மை

இதைக் கண்டுபிடிக்கத் தமிழில் மிக எளிய வழி ஒன்று இருக்கிறது. அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. அந்தச் சொல்லுக்கு முன்னால் வரும் மனிதரின் பெயரோடு என்ன உருபு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாலே போதும். பெயர்ச்சொல்லின் இறுதியில் சேர்ந்து, வினைக்கும் அப்பெயருக்கும் உள்ள உறவைக் காட்டும் ஐ, ஓடு, கு போன்றவற்றை வேற்றுமை உருபு என்கிறோம்.

"அவன் அவளைக் காதலிக்கிறான்" என்பதில் அவள் என்னும் சொல்லோடு ஐ சேர்ந்திருக்கிறது. ஐ என்பது வினை யாரைச் சென்று சேர்கிறதோ அவரைக் காட்டும் உருபு. கல்லை எறிந்தான் என்னும்போது கல் எதையும் செய்வதில்லை. செய்பவன் அவன் ஒருவனே. அதுபோலவே, அவளைக் காதலிக்கிறான் என்ற வாக்கியம் அவளைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அவள் அவனை நேரில் சந்தித்ததே இல்லை என்றாலும் வாக்கியம் மெய்யாகவே இருக்கும். ஒருதலைக் காதல் என்ற தொடர் தமிழில் பொருளோடு நிற்பதற்கும், அந்த நிலைக்குக் கைக்கிளை என்று தனிப் பெயரே இருந்ததற்கும் இந்த அமைப்பு இடம்தருகிறது.

"அவன் அவளோடு பழகுகிறான்" என்பதில் வந்திருப்பது ஓடு. உடன் என்றாலும் அதே வேலைதான். இந்த உருபு, வினையில் இரண்டாமவருக்கும் பங்கு உண்டு என்று காட்டுகிறது. ஒருதலைப் பழக்கம் என்று நாம் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. எதிரில் இருப்பவர் பேசாமல், மறுமொழி கொடுக்காமல், நேரம் ஒதுக்காமல் ஒருவர் மட்டும் பழகுதல் என்பது நடவாத செயல். வண்டி ஓட்டப் பழகினேன், நீந்தப் பழகினேன் என்னும் இடங்களிலும் இச்சொல்லில் மெல்ல மெல்ல அறிந்துகொள்ளுதல் என்ற கருத்து இருப்பதைக் காணலாம். ஒரு மனிதரை நாள்போக்கில் அறிந்துகொள்ளுதல் என்பதே பழகுதலின் குறிபொருள்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் மிகுதியான மனக்கசப்பு தொடங்கும் இடம் இதுதான். ஓடு என்ற உருபு இருவருக்கும் செயலில் பங்கு உண்டு என்று மட்டுமே காட்டுகிறது. இருவருக்கும் ஒரே எண்ணம் உண்டு என்று காட்டுவதில்லை. "நன்றாகத்தானே பழகினாள், பிறகு ஏன் இல்லை என்கிறாள்?" என்று கேட்பவர், பழகுதல் என்ற சொல்லுக்குள் காதலித்தல் என்ற சொல்லைத் தானாகவே வைத்துவிட்டுக் கேட்கிறார். அவள் பழகியது உண்மை. அந்த உண்மையிலிருந்து காதலை வருவிக்க இலக்கணத்தில் இடமில்லை, நியாயத்திலும் இடமில்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்கும் சொல் பின்தொடர்தல். அவளைப் பின்தொடர்ந்தான் என்பதில் மறுபடியும் ஐ வந்துவிடுகிறது. இரண்டு பேர் ஒரே தெருவில் ஒரே திசையில் நடந்தாலும் அது உடன் செல்லுதல் ஆகாது. விருப்பம் இல்லாத ஒருவரைத் தொடர்ந்து போவதைக் காதலுக்கான முயற்சி என்று அழகுபடுத்திச் சொல்லும் வழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. அதை அந்தப் பெயரால் அழைப்பதை நாம் நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இளைஞர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொற்களிலும் இதே விதி பிசகாமல் நடக்கிறது. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்ளும் சொல்லை இலக்கணம் குழூஉக்குறி என்கிறது. சைட் அடிப்பதும் கடலை போடுவதும் அப்படிப்பட்டவை. "அவளை சைட் அடித்தான்" என்போம். அவளோடு சைட் அடித்தான் என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு மற்றவரின் பங்கு தேவையில்லை. "அவளோடு கடலை போட்டான்" என்போம். அவளைக் கடலை போட்டான் என்பதில்லை, ஏனென்றால் அரட்டைக்கு இரண்டு வாய் வேண்டும். இந்தச் சொற்களை உருவாக்கியவர்கள் இலக்கண நூலைத் திறந்துபார்த்து உருவாக்கவில்லை. மொழி அவர்களுக்குள் இருந்து அந்த வேலையைச் செய்துவிட்டது.

சுருக்கமாக: மனிதரோடு ஐ சேர்ந்தால் வினை ஒருவருடையதாக மட்டும் இருக்கக்கூடும், ஓடு அல்லது உடன் சேர்ந்தால் செயல் இருவருடையது, ஆனால் எண்ணம் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

டேட்டிங்: ஒரு நாளா, ஒரு காலமா?

டேட் என்ற ஆங்கிலச் சொல், கொடுக்கப்பட்டது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கடிதங்களில் இந்த இடத்தில், இந்த நாளில் கொடுக்கப்பட்டது என்று குறிக்கும் வழக்கத்தால் அச்சொல் நாளைக் குறிப்பதாயிற்று. நாள் என்பது, குறித்த நாளில் சந்திக்கும் ஏற்பாடாயிற்று. பின்னர் அச்சந்திப்புக்கு வரும் ஆளையும் அது குறித்தது. 1896ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஏட் என்ற அமெரிக்க எழுத்தாளர் சிகாகோ நாளிதழ் ஒன்றில் எழுதிய பத்தியில், தன் நாள்களை வேறொருவன் எடுத்துக்கொண்டுவிட்டான் என்று ஒரு இளைஞன் வருந்தும் இடத்தில் இச்சொல் காதல் சந்திப்பைக் குறித்து வருகிறது. அப்பொருளில் அச்சொல் வழங்கியதற்கான தொடக்ககாலப் பதிவுகளுள் அதுவும் ஒன்று.

இந்த வரலாறு நமக்கு ஏன் வேண்டும் என்றால், அந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு செய்திகள் அடைபட்டுள்ளன. ஒன்று, குறித்த நேரத்தில் ஒருமுறை நடக்கும் சந்திப்பு. இதை நிகழ்வு என்போம். மற்றது, அப்படிப்பட்ட சந்திப்புகள் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தொடரும் காலம். இதை நிலை என்போம். தமிழில் பேசும்போது நாம் உடன் சேர்க்கும் வினைச்சொல்லால் இவற்றைத் தெளிவாகப் பிரித்துவிடுகிறோம். "டேட்டுக்குப் போனார்கள்" என்றால் நிகழ்வு. "டேட் பண்ணுகிறார்கள்" என்றால் நிலை. எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது மட்டும் இரண்டுக்கும் காதல் என்ற ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறோம்.

நிகழ்வைக் குறிக்கச் சந்திப்பு என்ற சொல்லே போதும். தேவையானால் தனிச்சந்திப்பு என்று சொல்லலாம். பழந்தமிழ் அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்துக்கொண்ட இடத்துக்குக் குறி என்றே பெயர். பகலில் சந்திப்பது பகற்குறி, இரவில் சந்திப்பது இரவுக்குறி. ஆங்கிலம் நாளின் பெயரைச் சந்திப்புக்கு வைத்ததும், தமிழ் இடத்தின் பெயரைச் சந்திப்புக்கு வைத்ததும் ஒரே வகைப் பெயர்மாற்றம். அச்சொற்களை இன்று பேச்சில் மீட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இக்கருத்து தமிழுக்கு முற்றிலும் புதிது என்ற எண்ணம் தவறு என்பதை மட்டும் காட்ட விரும்புகிறேன்.

நிலையைக் குறிக்கப் பழகி வருதல் என்பது பெரும்பாலான இடங்களில் பொருந்தும். ஆனால் பழகுதல் நண்பர்களுக்கும், உடன் பணிபுரிவோருக்கும், அண்டை வீட்டாருக்கும் பொதுவான சொல் என்பதால், வாக்கியத்தில் வேறு குறிப்பு இல்லாவிட்டால் காதல் நோக்கம் தெரியாமல் போய்விடும். டேட்டிங் என்பதோ, நோக்கம் இருக்கிறது, முடிவு இன்னும் இல்லை என்னும் நடுநிலையைச் சொல்கிறது. காதல் முடிவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பழக்கம் நோக்கத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. இடையில் உள்ள இடத்துக்குத் தமிழில் எல்லோரும் ஏற்ற ஒரு தனிச்சொல் இன்னும் நிலைபெறவில்லை, அதனால்தான் கடன்சொல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. சேர்ந்து வாழ்தலை டேட்டிங் என்ற சொல்லால் குறிப்பவர்களும் உண்டு. அது ஒரே இல்லத்தில் வாழும் ஏற்பாடு. இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

காதல் என்ற சொல்லும் எப்போதும் இன்றைய குறுகிய பொருளில் இருந்ததில்லை. காதலன் என்ற சொல்லுக்குத் தோழன், கணவன், மகன் என்ற பொருள்களும் பழைய வழக்கில் இருந்தன. ஒரு சொல்லின் எல்லை காலத்தால் நகரும் என்பதற்கு இது நல்ல சான்று.

உடன் செல்லும்போது யார் முன்னால் செல்கிறார்?

இதுவரை பார்த்தவை நெருக்கத்தைப் பற்றியவை. ஒரு விழாவுக்கோ கூட்டத்துக்கோ ஒருவரோடு சேர்ந்து போவதைக் குறிக்கும் சொற்கள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் காதல் இருக்கவேண்டிய தேவையே இல்லை. அங்கே எழும் கேள்வி, பயணத்தை நடத்துபவர் யார் என்பது.

அழைத்துச் செல்லுதல் என்றால் வாக்கியத்தின் எழுவாய், அதாவது செயலைச் செய்பவர், வழிநடத்துகிறார். மற்றவர் அவரை நம்பி வருகிறார். கூட்டிப்போதலும் அதே அமைப்புத்தான், பேச்சின் நெருக்கம் மட்டும் கூடுதல். உடன் செல்லுதல் என்றால் முதன்மை மற்றவருடையது, எழுவாய் சேர்ந்துகொள்கிறார். துணைக்குப் போதல் என்றால் மற்றவருக்கு ஏதோ ஒரு தேவை, அச்சம் அல்லது தனிமை இருக்கிறது என்பதும் சேர்ந்து வருகிறது. கொண்டுபோய் விடுதலில் சேருமிடத்தோடு உறவு முடிந்துவிடுகிறது, அங்கே தங்குவதில்லை. சேர்ந்து போதலில் மட்டுமே இருவரும் சமமாக நிற்கிறார்கள்.

இந்த ஏற்றத்தாழ்வைப் பழைய இலக்கணம் கூர்ந்து கவனித்திருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வினையைச் செய்யும்போது, ஒடு என்னும் உருபு அவர்களுள் உயர்ந்தவரின் பெயரை அடுத்து வரும் என்பது தொல்காப்பிய விதி. ஆசிரியரோடு மாணவன் வந்தான் என்பது அவ்விதிக்கு ஏற்ற வாக்கியம். இன்றைய வழக்கு அவ்விதியை அப்படியே பின்பற்றவில்லை. மாணவர்களோடு ஆசிரியர் வந்தார் என்றும் தயங்காமல் எழுதுகிறோம். ஆயினும், யாருடைய பெயரில் உருபை வைப்பது என்ற தேர்வு இன்றும் ஒரு சிறு மதிப்பீட்டைத் தாங்கியே வருகிறது. ஒரு தம்பதியைப் பற்றிய செய்தியில் எப்போதும் ஒருவர் பெயரிலேயே உடன் வந்து சேர்வதைக் கவனித்தால் இது விளங்கும்.

ஆங்கிலத்திலிருந்து வந்த இரண்டு சொற்களைப் பற்றியும் ஒரு குறிப்பு. எஸ்கார்ட் என்பது முதலில் பாதுகாப்புக்காக உடன் சென்ற ஆயுதப் படையைக் குறித்தது. ஷாப்பரோன் என்பது பிரெஞ்சு மொழியில் தலையை மூடும் ஒரு முக்காட்டின் பெயர். முக்காடு தலையைக் காப்பதுபோல இளம்பெண்ணோடு சென்று அவளைக் காத்து நிற்பவருக்கு அப்பெயர் ஆயிற்று. இரண்டையுமே துணை என்று தமிழில் எழுதிவிடுவது பொதுவான வழக்கம். முதலாவதற்குக் காவல் துணை என்றும், இரண்டாவதற்கு மேற்பார்வைக்காக உடன் வரும் மூத்தவர் என்றும் விரித்து எழுதினால்தான் பொருள் தப்பாமல் நிற்கும். துணை என்று மட்டும் சொன்னால் வாழ்க்கைத்துணை என்ற எண்ணமும் எழுந்துவிடுகிறது.

பார்ப்பவரின் குரல்

சில சொற்கள், அந்த இருவரைப் பற்றிச் சொல்வதைவிட, அவர்களைப் பார்த்துப் பேசுபவரைப் பற்றியே அதிகம் சொல்கின்றன. "சேர்ந்து சுற்றுகிறார்கள்" என்று தம்மைப் பற்றி விளையாட்டாக அன்றி யாரும் சொல்லிக்கொள்வதில்லை. அது வெளியிலிருந்து வரும் குரல், அதில் இலேசான கண்டனம் உண்டு. தொடர்பு என்பது நல்ல சொல்லாகத்தான் இருந்தது. கள்ளத்தொடர்பு என்ற தொடர் செய்திகளில் மீண்டும் மீண்டும் புழங்கியதால், "அவருக்கு அவளோடு தொடர்பு" என்று மட்டும் சொன்னாலே இப்போது பழி தொனிக்கிறது. முன்பு உயர்ந்த அல்லது நடுநிலையான பொருளில் இருந்த சொல் பின்னர் தாழ்ந்த பொருளுக்கு இறங்குவதைப் பொருள் இழிபு என்பர். நறுமணத்தையும் குறித்த நாற்றம் இன்று கெட்ட வாடையை மட்டும் குறிப்பது இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு.

ஒரே நிகழ்ச்சியை மூன்று விதமாகச் சொல்லிப் பார்ப்போம். ஒரு பெண் தன் விருப்பத்தால் தான் விரும்பியவனோடு வீட்டைவிட்டுச் செல்கிறாள். அகப்பாடல் மரபு இதை உடன்போக்கு என்கிறது; பெயருக்குள்ளேயே உடன் இருக்கிறது, அவள் செல்கிறாள், அவனோடு செல்கிறாள். "ஓடிப்போய்விட்டாள்" என்னும்போது அவள் இன்னும் எழுவாயாகவே இருக்கிறாள், ஆனால் உடன் போய்விட்டது, குற்றம் வந்துவிட்டது. "அவளை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான்" என்னும்போது அவள் எழுவாயாகவும் இல்லை. ஐ சேர்ந்த ஒரு பொருளாக ஆகிவிட்டாள். அவள் எடுத்த முடிவை ஒரே ஒரு உருபு அவளிடமிருந்து பறித்துக்கொண்டுவிட்டது. இந்த மூன்றையும் ஒருபொருட் சொற்கள் என்று ஒரு பட்டியலில் எழுதிவைப்பவர் மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

பிறர் பேசும் பேச்சுக்கே பழந்தமிழில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒரு சிலர் அரும்பு போல் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல்; அது மலர்ந்து எல்லோரும் அறியப் பரவுவது அலர். உறவு ஒன்றே, அறிந்தவர் எண்ணிக்கைதான் வேறு. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது யார் யாருக்குத் தெரிந்த நிலையில் அது வழங்குகிறது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பயன்.

அந்த வாக்கியத்துக்குத் திரும்புவோம்

கைப்படியில் நான் முதலில் செய்தது, காதலித்த என்பதைப் பழகிய என்று மாற்றியது: "மூன்று மாதம் அவரோடு பழகிய பிறகுதான், தனக்கு அவர்மேல் காதல் இல்லை என்பதை அவள் உணர்ந்தாள்." ஐ போய் ஓடு வந்தது, முரண்பாடும் நீங்கியது. ஆனால் அவர்கள் வெறும் நண்பர்களாகப் பழகினார்கள் என்று படிப்பவர் எண்ண இடமிருந்தது. நோக்கத்தைக் காட்டும் ஒரு தொடர் அங்கே குறைந்தது. மொழிபெயர்ப்பாளரோடு பேசிய பிறகு இப்படி அமைத்தோம்: "மணம் செய்துகொள்ளலாமா என்ற எண்ணத்தோடு மூன்று மாதம் தனியே சந்தித்துப் பழகி வந்த பிறகுதான், தனக்கு அவர்மேல் காதல் இல்லை என்பதை அவள் உணர்ந்தாள்." அவர் மூலத்தை மீண்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, மணம் என்ற எண்ணம் அந்தப் பெண்ணுக்கு அங்கே இல்லவே இல்லை என்றார். அவர் சொன்னது சரி. அத்தொடரை நீக்கி, "ஒருவரையொருவர் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்காக" என்று எழுதினோம். அதே நாவலில் அவள் தன் தோழியிடம் பேசும் இடத்தில் மட்டும் டேட்டிங் என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டோம். அவள் வாயில் அந்தச் சொல்தான் வரும்.